அமுக்கு, பிடி, விடு

என் வயதுப் பெண்களுக்கு 'வெளியில் உட்காருவது' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பேத்திகளிடம் சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் கோபப்படுவார்கள், இரண்டும் நியாயம்தான். மாதத்தில் மூன்று நாள் நாம் வீட்டுக்குள் இல்லை. உங்களில் சிலருக்குக் கொல்லைப்புறத்தில் ஓர் அறை இருந்திருக்கும், சிலருக்கு மாட்டுக்கொட்டிலின் ஓரம், சிலருக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு பாய். எனக்குக் கார்.

ஆமாம், கார்தான். மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளின் சுவரில் சாய்ந்து நின்ற வீடு. ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, பின்னால் கிணறு. தள்ளி உட்கார இடமே கிடையாது. ஆனால் வீட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் இருந்தது. அதற்குள் அப்பாவின் கார் இருந்தது.

அப்பா ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கு எழுதினார். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழையதை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அம்மாதான் அப்படிச் சொல்வாள். அப்பா, "முதலாளி பிரியமாக் கொடுத்தது" என்பார். அந்தக் காலத்தில் சாலையில் கார் என்றால் பெரும்பாலும் இரண்டே வகை. இது உருண்டை வகை. முன்சீட்டு ஒரே நீளப் பலகை மாதிரி இருக்கும், மூன்று பேர் உட்காரலாம். கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது சந்தில் தெரிந்தவர் யாராவது நின்றால் வேகத்தைக் குறைப்பார். யாரும் நிற்காவிட்டால் அப்பாவுக்கு முகம் வாடிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் பிரேக் போயிற்று. எங்கள் ஊர்க் காற்றிலேயே உப்பு. துருப்பிடிக்காத சாமான் என்று வீட்டில் வெள்ளிக் கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. காருக்கு அடியில் பிரேக் ஆயில் ஓடும் இரும்புப் பைப்புகளை அந்த உப்பு உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்டது. பெடலை அமுக்கினால் தரை வரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. அப்பா காரை ஷெட்டில் தள்ளி, கதவைச் சாத்தி, 'அப்புறம் பார்க்கலாம்' என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

முதலில் அம்மா அந்தக் காரின் பின்சீட்டுக்குப் போனாள். பிறகு அக்கா. பிறகு நான். பேசி முடிவு செய்த மாதிரி எனக்கு நினைவில்லை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர், பழைய பத்திரிகைகள். ரெக்சின் சீட்டில் வெயில் நேரத்தில் முதுகு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த ஒரு வாசனை. எதிரே சுக்குக் குடோன். அங்கே மூட்டை இறக்கினால் தூசி ஷெட்டுக்குள் வந்து கண் எரியும். ஜன்னலைச் சுழற்றி ஏற்றும் கைப்பிடி எங்கோ தொலைந்துவிட்டதால் கண்ணாடி பாதியில் நின்றது. மழை பெய்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் கார் ஓடுகிற மாதிரியே இருக்கும். நான் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு பாலக்காடு வரை போயிருக்கிறேன்.

ஷெட் கதவு மட்டும் இடைவெளி விட்டு அடித்த பலகைக் கதவு. சந்தில் போகிறவர்கள் பார்க்க நினைத்தால் பார்க்கலாம். மூலையில் சாயாக்கடை வைத்திருந்த சேட்டன் ஒருநாள், "எந்தா மோளே, காரிலாணோ தாமசம்?" என்று கேட்டார். காரிலா குடியிருக்கிறாய் என்று. கேலி ஒன்றும் இல்லை அதில். ஆனால் அன்று முழுக்க நான் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டேன், தலை தெரியாமல்.

அக்காவுக்கு எர்ணாகுளத்தில் வரன் அமைந்தது. நிச்சயம் செய்ய வந்த அன்று சம்பந்தி மாமா காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஜானவாசத்துக்குக் காருக்கு என்னவாக்கும் ஏற்பாடு?"

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் காரில் உட்கார வைத்து, முன்னால் நாதஸ்வரமும் மேளமும் போக, நடக்கிற வேகத்தில் கோவிலிலிருந்து சத்திரத்துக்கு அழைத்து வருவோமே, அதுதான். கார் பெண் வீட்டார் பொறுப்பு.

அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "காருக்கென்ன, ஆத்துலயே இருக்கே!" என்றார்.

அம்மா பட்சணத் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

அவர்கள் போன பிறகு அம்மா கேட்டாள்: "அந்தக் காரா?"

"ஏன், அதுக்கென்ன? பிரேக் பைப் நாலு மாத்தினா ராஜா மாதிரி ஓடும்."

"மாப்பிள்ளை எங்க உட்காருவார்?"

"பின்சீட்டுல. வேற எங்க, கூரை மேலயா?"

"அந்தப் பின்சீட்டுல போன வாரம் யார் இருந்தான்னு தெரியுமோ உங்களுக்கு?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க ஒன்றும் இல்லாமலே துடைத்தார். அது அக்கா. மாப்பிள்ளை உட்காரப் போகிற இடத்தில் மணப்பெண்ணே மாதாமாதம் உட்கார்ந்திருந்தாள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "வாடகைக்கு வேற வண்டி பிடியுங்கோ" என்று அம்மா கெஞ்சினாள். அப்பா, "சொன்னது சொன்னதுதான். ஷெட்டுல கார் வெச்சிண்டு வாடகை வண்டி பிடிச்சா அவா என்ன நினைப்பா?" என்றார்.

சரி, பட்டறைக்காவது அனுப்பலாம் என்றால் அதுவும் முடியாது. பட்டறைகள் இருந்தது தோப்பும்படியில். மாப்பிள்ளையின் தாய்மாமா அங்கேதான் கடை வைத்திருந்தார். பிரேக் இல்லாத காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அவர் கடை வாசல் வழியாகப் போவதா? மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வருகிறவன் பாயையும் தட்டையும் பார்ப்பான். ஆகவே வீட்டிலேயே, நாமே, யாருக்கும் தெரியாமல் என்று முடிவாயிற்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தச் சந்தில் ஒரு கரண்டி கீழே விழுந்தாலே எல்லோருக்கும் தெரியும்.

செய்ய முன்வந்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. வெலிங்டன் தீவில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் உதிரிச் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க சாமான்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி, தான் ஓர் இன்ஜினீயர் என்றே நம்பிவிட்டார். எர்ணாகுளம் பிராட்வேயில் புதுப் பைப் வாங்கி, பெரிய வளையமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போட்டில் வந்து இறங்கினார். சாயாக்கடைச் சேட்டன் முதற்கொண்டு எல்லோரும் பார்த்தார்கள்.

பழைய பைப்புகளைக் கழற்றியபோது அவை முருங்கைக் குச்சி மாதிரி முறிந்தன. சித்தப்பா துண்டுகளைச் செய்தித்தாள் மேல் வரிசையாக அடுக்கி, அதே வளைவில் புதுப் பைப்பைத் தொடையில் வைத்து வளைத்தார். இரண்டு பைப் சேரும் இடத்தில் வாயைப் புனல் மாதிரி விரிக்க வேண்டும். அப்போதுதான் நட்டு முறுக்கினால் ஆயில் கசியாது. அதற்கென்று கருவி உண்டாம். சித்தப்பாவிடம் அதன் பெயர் இருந்தது, கருவி இல்லை. கூம்பாக ஓர் இரும்பை வைத்துச் சுத்தியலால் தட்டினார். டக், டக் என்று அந்தச் சத்தம் கல்யாண வேலைகளுக்கு நடுவில் பல நாள் கேட்டது.

கடைசி வேலை பைப்புக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. ஏர் எடுப்பது என்பார்கள். ஒருவர் உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், ஒருவர் அடியில் படுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும், ஒருவர் மேலே டப்பாவில் ஆயில் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். அன்று காலையில்தான் நான் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னிக்கா? உனக்கு இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா?" என்றாள் அம்மா. என்னவோ நான்தான் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த மாதிரி.

வேறு இடம் இல்லை. கிணற்றடியில் சமையல்காரர் பட்சண அடுப்புக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். "அவ பாட்டுக்குப் பின்சீட்டுல இருக்கட்டும், நான் பாட்டுக்குக் கீழ இருக்கேன்" என்றார் சித்தப்பா. ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார்கள்; என் தம்ளர் சரிந்து ஓடியது. பெடலை அமுக்கத்தான் ஆள் இல்லை. அப்பாவுக்கு ஆயில் ஊற்ற வேண்டும். அக்கா கல்யாணப் பெண். அம்மா என்னைத் தொட்டுவிட்டால் சமையலறைக்குள் போக முடியாது.

"அண்ணா, இவ ஏற்கெனவே உள்ளதானே இருக்கா. முன்சீட்டுக்கு மாறச் சொல்லு" என்றது காருக்கு அடியிலிருந்து சித்தப்பாவின் குரல்.

"நான் பானெட்டைத் தொட்டுண்டு நிக்கறேனேடா" என்றார் அப்பா மெதுவாக.

"இரும்புக்குத் தீட்டில்லை அண்ணா!"

இதைச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். நான் பின்சீட்டிலிருந்து இறங்கி முன்சீட்டுக்குப் போன அந்த நாலு எட்டு இருக்கிறதே, பலகைக் கதவின் இடுக்குகளில் வரிசையாகக் கண்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள், என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர்.

"அமுக்கு!" என்றார் சித்தப்பா. நான் பெடலை நாலைந்து தடவை அமுக்கினேன்.

"பிடி!" அமுக்கியபடியே பிடித்துக்கொண்டேன். அவர் திருகைத் திறந்தார். ஆயில் பிர்ரென்று குமிழியோடு பீறிட்டது, பெடல் கீழே போயிற்று. திருகை மூடினார்.

"விடு!"

அமுக்கு, பிடி, விடு. மூன்று சொல்லும் மலையாளத்திலும் கிட்டத்தட்ட அதேதான். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியிலிருந்தும் சின்னக் குரல்கள் சேர்ந்து கத்தின. சித்தப்பா சொல்வதற்கு முன்பே அவர்கள் "பிடி!" என்றார்கள். நானும் பிடித்துவிட்டேன். "ஆர் பிடிக்கச் சொன்னா?" என்று கீழேயிருந்து திட்டு. வயிற்றுவலி ஒரு பக்கம். பாவாடையைக் காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், என் வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டு அமுக்கினேன்.

நாலு சக்கரமும் முடிந்தது. பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. சித்தப்பா வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா ஒரு தடவை. நன்னா அமுக்கிப் பிடிச்சுக்கோ, நான் சொல்ற வரைக்கும் விடாதே" என்றார்.

பிடித்தேன். முதலில் கல்தான். பிறகு கடற்கரையில் அலை திரும்பும்போது காலுக்கு அடியில் மணல் நழுவுமே, அந்த மாதிரி, மெல்ல, மிக மெல்ல, பெடல் உள்ளே போயிற்று.

"சித்தப்பா, கீழ போறது" என்றேன்.

"எது?"

"பெடல். கொஞ்சம் கொஞ்சமாப் போறது."

"உன் கால் தளர்றது. இந்த மாதிரி நாள்ல பொண்களுக்குக் காலுல பலம் இருக்காது."

சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த மூன்று நாட்களில் அப்பா என்னோடு நேரே பேசமாட்டார். ஆயில் பாட்டிலின் மூடியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"இல்லை சித்தப்பா, நிஜமா…"

"மதி, மதி, போதும்" என்றாள் அம்மா நிலைப்படியிலிருந்து. "ஊரே பார்த்துண்டு நிக்கறது. வாயை மூடிண்டு பின்னால போய் உட்காரு."

போய் உட்கார்ந்தேன். என் கால்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்போதும் என் குணம் அதுதான். கேஸ் அடுப்பை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். மூடியிருப்பதைப் பார்த்த பிறகும் என் கண்மேல் எனக்கு நம்பிக்கை இருக்காது. மகள் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கால் சும்மா தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும். "அம்மா, அங்க பிரேக் இல்லை" என்று அவள் சிரிப்பாள்.

அடுத்த வாரம் பின்சீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, புது வெள்ளைத் துணி விரித்துத் தைத்தார்கள். பாயும் தட்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அம்மா அந்தத் துணியின் விளிம்பைத் தைக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவள் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டாளோ, அப்பாவைத் திட்டினாளோ.

ஜானவாசம். மாப்பிள்ளை நீல நிற சூட்டில், ரோஜா மாலையோடு பின்சீட்டில். அவரைச் சுற்றிக் குழந்தைகள். முன்சீட்டில் அப்பா ஸ்டியரிங்கில், பக்கத்தில் என்னையும் உறவுக்காரக் குழந்தை ஒன்றையும் அமுக்கி உட்கார வைத்திருந்தார்கள். நான் தலைக்குக் குளித்து, பட்டுப் பாவாடை கட்டியிருந்தேன். கல்யாணக் களேபரத்தில் எல்லோரும் என்னை மறந்துவிட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள். கார் முகப்புக்கு ஒரு கை தூரத்தில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும், எங்களைப் பார்த்துத் திரும்பி வாசித்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார்கள்.

வழியில் ஒரு தோட்டுப் பாலம். வாய்க்கால்மேல் கூன் விழுந்த மாதிரி ஏறி இறங்கும் சின்னப் பாலம். கார் உச்சியைத் தாண்டி முகத்தைக் கீழே சாய்த்த இடத்தில், ஜனங்கள் கூட்டமாக நின்றதைப் பார்த்து நாதஸ்வரக்காரர் நின்றுவிட்டார். நீளமாக எடுத்தார் ஓர் ஆலாபனை. அப்பா பிரேக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். நான் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அப்பாவின் கழுத்தில் வேர்வை. கைப்பிரேக்கை இழுத்தார், அது எப்போதோ துருப்பிடித்த சாமான், மேஜை டிராயர் மாதிரி வெளியே வந்தது, அவ்வளவுதான். ஹாரனை ஒரு தடவை, மிக மரியாதையாக அடித்தார். தவில்காரர் அதைப் பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினார். கார் நகர ஆரம்பித்தது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் மாப்பிள்ளை, பக்கத்தில் நடந்து வரும் சம்பந்தி. பிரேக் இல்லை என்று அவர்கள் காதுபடச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இடிக்கப் போகிறோம் என்ற பயத்தைவிட, தெரிந்துவிடுமே என்ற பயம்தான் அதில் பெரிதாக இருந்தது.

நான் கத்தினேன். "பிரேக் இல்லை! விலகுங்கோ! மாறிக்கோ சேட்டா, மாறிக்கோ! பிரேக் இல்லை!"

தவில்காரர் தவிலோடு எகிறிக் குதித்தார். விளக்குக்காரர் ஒருவர் ஓடினார். கார் பாலத்தை விட்டு இறங்கி, ஒரு குடோன் வாசலில் அடுக்கியிருந்த சுக்கு மூட்டைகளில் போய் மெத்தென்று முட்டி நின்றது. மூட்டை வெடித்து ஒரே தூசி. ஒரு நிமிஷம் கல்யாணக் கூட்டம் மொத்தமும் தும்மியது. மாப்பிள்ளை மாலையோடு தும்மினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு முடிந்திருக்கலாம்.

சம்பந்தி மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "கொழந்தைக்கு எப்படித் தெரிஞ்சது, பிரேக் இல்லைன்னு?"

சித்தப்பா முன்னால் வந்தார். அவர் செய்த வேலையை யாரும் குறை சொல்லிவிடுவார்களோ என்ற பதற்றம் அவருக்கு.

"நான் நன்னாத்தான் பண்ணியிருந்தேன் மாமா. இவதான் பெடல் அமுக்கினா. மூணு நாளும் கார்லதானே இருந்தா, இவளுக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆண்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெண்களுக்கு 'மூணு நாள்' போதும். சம்பந்தி மாமி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு பின்சீட்டைப் பார்த்தாள்.

"மூணு நாள் கார்லயா?" என்றாள். "எந்த சீட்டுல?"

அம்மா அழ ஆரம்பித்தாள். பதில் அதுவே.

மாப்பிள்ளையைக் காரிலிருந்து இறக்கி, சத்திரம் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போய், கிணற்றடியில் நிறுத்தித் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் விட்டார்கள். சூட்டைக் கழற்றக்கூட நேரம் தரவில்லை. பிரேக் போனதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவர்கூடப் பேசவில்லை. பிரேக் ஏன் போயிற்று என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே! தீட்டோடு பெடலைத் தொட்டால் நிற்குமா? சத்திரத்தில் பெண்கள் நான் போன பக்கமெல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை மட்டும் தலை துவட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போகும்போது, "நன்னாக் கத்தினே" என்றார். கேலியா, நிஜமா என்று தெரியவில்லை. என்னால் அத்திம்பேரை ரொம்ப வருஷத்துக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நல்ல மனுஷர் அவர், ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு ஈரமான நீல சூட்டுதான் தெரியும்.

மறுநாள் முகூர்த்தம் ஆனதும் வாத்தியார் தீட்டுப் போகக் காருக்குப் புண்யாகவாசனம் செய்தார். ஸ்டியரிங், பெடல், பின்சீட்டு, ஒவ்வொன்றிலும் மாவிலையால் தீர்த்தம் தெளித்தார். அதற்குச் சற்று முன்னால்தான் சித்தப்பா, வற்றிப்போன டப்பாவில் ஆயில் நிரப்பி, யாரோ ஒரு பையனை உட்கார வைத்து மறுபடி ஏர் எடுத்திருந்தார். அப்பா பெடலை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது.

"பார்த்தேளா? நின்னுடுத்து!" என்றாள் அம்மா, இரண்டு கையையும் கூப்பி. மந்திரம் வேலை செய்ததில் சம்பந்தி மாமிக்கும் திருப்தி. அந்தக் காரிலேயே அக்காவையும் அத்திம்பேரையும் ஏற்றிப் படகுத்துறைக்கு அனுப்பினார்கள். நான் மட்டும் ஏறக் கூடாது.

அவர்கள் போய், அப்பாவின் கார் திரும்பி வரும் வரை சத்திரத்து வாசலில் நின்றேன். எந்த வளைவில் கால் உள்ளே போகும், எங்கே தண்ணீர், எங்கே லாரி என்று மனசுக்குள் வழி முழுக்க நானே ஓட்டினேன். என் கால் சரி என்றால் அக்கா சாகப் போகிறாள். மந்திரம் சரி என்றால் தப்பு என்னுடையது. தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் சுவாமி என்று வேண்டிக்கொண்டேன். கார் பத்திரமாகத் திரும்பி வந்தது. ஆகவே அது என்னுடையதாயிற்று.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் சந்து முனையைத் தாண்டுவதற்குள், "அமுக்கு! பிடி! விடு!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பில் நான் பெஞ்சில் உட்கார்ந்தால் "அமுக்கு", எழுந்தால் "விடு". ஒரு வாரம் போனேன். பிறகு போகவில்லை. ஏன் என்று அப்பா கேட்பார், அடித்தாவது அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அம்மாவுக்கு என்னை வெளியில் அனுப்பாமல் இருப்பதே நிம்மதியாக இருந்தது. "ஒரு வருஷம் போகட்டும், எல்லாரும் மறந்துடுவா" என்றாள். மறந்திருப்பார்கள்தான். ஆனால் ஒரு வருஷம் போனபின் சின்னப் பெண்களோடு உட்கார எனக்கு வெட்கம்.

அந்த ஆடி மழையில் ஒரு நாள். அந்த மூன்று நாளுக்கு இப்போது எனக்குக் கார் கிடையாது. ஷெட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் ஒடுக்கமான இடம்தான். நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் சித்தப்பா காருக்கு அடியில் போகும் சத்தம் கேட்டது. தரையில் ஆயில் சொட்டியிருந்ததாம்.

கொஞ்ச நேரம் ஸ்பானர் சத்தம். பிறகு சித்தப்பா, "அண்ணா, கொஞ்சம் குனிஞ்சு பாரு" என்றார்.

"என்ன?"

"பின்சக்கரத்துக்குப் போற பைப். வாயில ஒரு கீறல். நான் தட்டி விரிச்சேனே, அப்பவே விழுந்திருக்கு. அமுக்கிப் பிடிச்சா மட்டும் கசியறது."

மழைச் சத்தம்.

"கொழந்தை அன்னிக்கே சொன்னா அண்ணா. கீழ போறதுன்னு."

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும் எனக்கு. என் கால் தளரவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. அப்பா இப்போது அம்மாவைக் கூப்பிடுவார், எர்ணாகுளத்துக்குச் சொல்லி அனுப்புவார், நாளைக்கு என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார் என்று எல்லாம் ஒரே நொடியில் நினைத்துவிட்டேன்.

அப்பா சொன்னார்: "மாத்திடு. யார்கிட்டயும் பேசாதே. அடங்கின பேச்சு, திரும்பச் சம்பந்தி காதுல விழ வேண்டாம்."

"செரி அண்ணா."

அப்பா குடையை விரித்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றி இந்தப் பக்கமாக வந்தார், கிணற்றடிக்குப் போக. விறகுக்கு நடுவில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது என்று எனக்கும் தெரிந்தது. குடையிலிருந்து தண்ணீர் எங்கள் இருவருக்கும் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன், ஒட்டுக்கேட்டுப் பிடிபட்டவள் போல.

அந்த நாட்களில் என்னோடு பேசாத அப்பா அன்று பேசினார்.

"சாப்பிட்டியோ?"

அம்மா அதுவரை எனக்குச் சாதம் போட்டிருக்கவில்லை.

"ஆச்சு அப்பா" என்றேன். அவர் அங்கிருந்து சீக்கிரம் போக வேண்டும் என்றிருந்தது எனக்கு.